திரைக்குப் பின்னாலிருந்து வந்த உதவி

"மாப்பிள்ளைக்குத் தெரியாத கம்ப்யூட்டரே இல்ல" என்று தரகர் அவிழ்த்துவிட்ட கதையால், கலியாணமாகி நாலாம் நாளே அஸ்மீரின் மானம் ஊசலாடியது. பெண்வீட்டில் மாமா வாங்கிவைத்த புது ரவுட்டரை மோடத்தோடு இணைத்துவிட்டான். இன்டர்நெட்தான் வரவில்லை.

அறைவாசல் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது.

"வயர அந்தத் தனி ஓட்டைக்குள்ள போடட்டாம்."

போட்டான். "ம்ஹூம், இன்னும் வரல்ல."

"ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பராம். புதுசுட நம்பர மாத்தட்டாம்."

ரவுட்டரின் ஐ.பி. முகவரியை மாற்றினான். கம்ப்யூட்டரில் கூகிள் பளிச்சென்று விரிந்தது.

"என்ர தங்கமே!" அஸ்மீர் துள்ளினான். "மாமாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஒங்களுக்குப் பத்து முத்தம் தாறன்!"

வாசல் திரை குலுங்கியது.

அப்போது கேற்றைத் திறந்துகொண்டு, கல்முனைச் சந்தைக்குப் போயிருந்த மாமாவும் புதுப்பெண் றிஸ்லாவும் வந்தார்கள்.

"சரிவந்திட்டா?" என்றாள் றிஸ்லா.

றிஸ்லா என்று நினைத்துத்தானே அஸ்மீர் முத்தம் தருவதாகச் சொன்னான்! புது மருமகனுக்கு முன்னால் வரக் கூச்சப்பட்டு, நாலு நாளாகத் திரைக்குப் பின்னால் நின்றே கதைப்பவர் அந்த வீட்டில் ஒருவர்தான். மாமி!

றிஸ்லா திரையை விலக்கினாள். மாமி காதில் போனோடு நின்றிருந்தார். "போன்ல ஆரு, உம்மா?"

"கத்தார்ல இருந்து ஒண்ட நானா." றிஸ்லாவின் அண்ணன் லைனில் இருந்த போனை மாமி தூக்கிக் காட்டினார். "அவன்தான் எல்லாம் சொல்லித் தந்தான். இப்ப சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்க ஏலாமக் கிடக்கான்." மாமியின் குரல் இப்போது கணீரென்று கேட்டது. "புள்ள, மாப்பிள்ளை பத்துத் தாறண்டு சொன்னாரு. அத நீயே வாங்கிக்க."