அரிப்பு

சொறி பிடித்து முடி கொட்டிப்போன நாய் சொக்கிக்கு, ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் செய்கிறபடி, பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலைத்தான் இருதயராஜும் தடவிவிட்டான். நாய் அவனை நம்பி ஆடாமல் நின்றது. அப்புறம் அந்த ஆயிலை நக்கி நக்கியே மூன்றாம் நாள் ஷட்டர் ஓரம் செத்துக் கிடந்தது.

புதைத்துவிட்டு வந்தவனுக்கு முன்னங்கை தடித்து அரித்தது.

“நாய்கிட்டேருந்து ஒட்டின பூச்சிதான். மனுஷ ஒடம்புல தங்காது, பத்து நாள்ல தானா செத்துடும்,” என்றார் டாக்டரம்மா.

“ஒண்ணுகூட மிஞ்சாதாம்மா?”

அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து அவன் கையைச் சொறியவேயில்லை. அரிக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஒன்பதாம் நாள் காலை ஸ்பேனரை எடுத்தபோது எதுவும் அரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஷட்டர் ஓரம் உட்கார்ந்து, மறுபடி அரிக்காதா என்று காத்திருந்தான்.