மூச்சுச் சத்தம்

ஏரிக்கரையில் வாழ்ந்த வெள்ளையம்மா என்ற கொக்கு, நகரத்தில் குடியேறிய தன் அக்காவைப் பார்க்க முதன்முறையாகப் புறப்பட்டாள். அக்கா குஞ்சு பொரித்திருந்தாள்.

நகரத்தின் மேல் புகை அடர்ந்து கிடந்தது. மேம்பாலத்தை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தில் அக்காவைத் தேடினாள். சாம்பல் நிறப் பறவை ஒன்று, “வாடி வெள்ளையம்மா” என்று கூப்பிட்ட பிறகுதான் அது அக்கா என்றே தெரிந்தது.

கூட்டில் குஞ்சு, விலா ஏறி இறங்க, கர் கர்ரென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, பிள்ளைக்கு ஏன் இப்படி இழுக்குது?”

“எப்படி?” என்றாள் அக்கா. “குஞ்சுன்னா சத்தம் போடத்தானே செய்யும்? இங்கே எல்லாமே இப்படித்தான்.”

வெள்ளையம்மா காதைத் தீட்டிக் கேட்டாள். அந்த மரத்தில் கூட்டுக்குக் கூடு அதே இழுப்பு.

“இது பறக்கத் தொடங்கினதும் ஏரிக்கு வந்துடுங்க அக்கா” என்றாள்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு நீண்ட இருமலாக முடிந்தது.

வெள்ளையம்மா குஞ்சை அணைத்துக்கொண்டாள். சித்தியின் மார்பில் சாய்ந்திருந்த குஞ்சு, சட்டென்று மிரண்டு தாயிடம் ஒண்டியது.

“அம்மா, சித்திக்கு மூச்சுச் சத்தமே வரலை. சித்திக்கு உடம்பு சரியில்லையா?”