மூடியைத் தொடாதீங்க

தீபாவளி நண்பகலில், சாரம் பகுதியின் ஒரு மொட்டைமாடியில் எழுந்த புகைக்குத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அதிகாரி தடதடவென்று படியேறினார்.

"மூடியத் தெற! தண்ணிய ஊத்து!"

"தொடாதீங்க!" புகைந்துகொண்டிருந்த இரும்பு ட்ரம்முக்குக் குறுக்கே நின்றாள் பூர்ணிமா. உள்ளே முந்திரி விறகுப் புகையில் பன்றி விலாக்கறி நான்கு மணி நேரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் செவக்குது. எலும்ப விட்டுக் கழலுற பதம் வர்ற வரைக்கும் தெறக்க உடமாட்டேன்."

"போன் பண்ணது யாரு?"

"நான்தான்."

"என்னா வெளையாட்டு இது?"

"கல்யாணமாயி ஏழு தீபாவளிக்கும் டூட்டின்னு நீங்க வீட்டுக்கு வரல. இப்பவும் டூட்டியிலதான வந்துருக்கீங்க? உக்காருங்க மாமா. கீழ வண்டியில இருக்கறவங்களையும் சாப்புடக் கூப்புடுங்க. ரிப்போர்ட்டுல, மூடியத் தெறக்கப் பொண்டாட்டி உடலன்னே எழுதிக்கிங்க!"