ஒரு நாளைக்கு ஒரு கட்டம்

மூன்று ராஜாக்களும் ஆறு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்று, சாயங்காலம். பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுத்து ஓய்ந்து வந்தவள், தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் ஹாலில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் முன்னால் நின்றாள். மூக்கு உடைந்த ராஜா பொம்மை உட்பட மூவரும் குழந்தை இயேசுவின் காலடியில் இருந்தார்கள்.

செருப்பு அலமாரியிலிருந்து குடில் வரை ஹால் தரையில் பன்னிரண்டு கட்டங்கள். கிறிஸ்துமஸ் அன்று அலமாரியடியில் கிளம்பும் ராஜாக்கள், ஜனவரி ஆறாம் தேதி தங்கள் திருநாளன்றுதான் போய்ச் சேர வேண்டும். அவள் கணவர் போட்ட சட்டம் அது. ஒட்டகத்தில் வருகிறவர்களை விரட்டக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் என்பார். தினமும் அவரே குனிந்து நகர்த்துவார்.

அவர் போய் ஏழு மாதம்.

இந்த வருஷம் ராஜாக்களை அலமாரியடியில் வைத்தபோதே அவள் சொல்லிவிட்டாள், இனி அவற்றைத் தன்னால் தொட முடியாது என்று. நாத்தனாரும் அதையேதான் சொன்னாள். அண்ணன் போனதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பேச்சு மட்டும் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து போனது.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் அவள் விட்டுப்போன இடத்திலிருந்து ஒரு கட்டம் தாண்டி நின்றார்கள்.

பூனை வேலை என்று நினைத்தாள். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

மறுநாளும் ஒரு கட்டம். அதற்கு மறுநாளும்.

நாத்தனார் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். விடியுமுன்னே போய், மத்தியானம் திரும்பி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். தொட மாட்டேன் என்றவள் தள்ளியிருக்க வழியில்லை. அதனால் மூன்றாம் நாள், ஆளில்லாத ஹாலைப் பார்த்து இவள் மெதுவாக, "வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். ஐந்தாம் நாள் இரண்டு தம்ளர் டீ போட்டாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இரண்டையும் அவளே குடித்தாள்.

அதே வாரத்தில்தான் நாத்தனாரும் மாறினாள். கொறித்துக்கொண்டிருந்தவள் தட்டை நீட்டி மறுசோறு கேட்டாள். குளியலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

இப்போது நாத்தனார் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, சொன்னா சிரிக்கக் கூடாது. தொட மாட்டேன்னு சொல்லிட்டு, தினம் மத்தியானம் ஒரு கட்டம் நான்தான் தள்ளினேன். மனசு கேக்கல."

அவளுக்குள் எதுவோ சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது. அப்படியானால் வந்தது அவர் இல்லை.

"ஆனா அண்ணி," நாத்தனாரின் குரல் இறங்கியது. "ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்து பாத்தா, முந்தின நாள் நான் வச்ச இடத்துல இல்ல. ஒரு கட்டம் தள்ளி நிக்கிறாங்க. அது யாரு அண்ணி?"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் வெளிச்சம் இருந்தது. பதில் தெரிந்துகொண்டே கேட்கிற சின்னப் பிள்ளையின் முகம்.

அவள் பையை இறக்கித் தரையில் வைத்தாள். நாத்தனாரின் நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"வேற யாரு? உன்னப் பாக்கணும்னு அவசரம், உன் அண்ணனுக்கு."

தினமும் காலை ஒன்பது மணிக்கு, வீட்டைப் பூட்டுமுன், ஒட்டகங்களைப் பிடித்து ராஜாக்களை ஒரு கட்டம் நகர்த்தியது தான்தான் என்பதை அவள் கடைசிவரை சொல்லவில்லை.