ஒரு டன்னா, ரெண்டு டன்னா?

"அளவு நாடாவைக் கண்டுபிடிச்சவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாம இருந்திருக்கணும். இல்லேன்னா அது எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

ஏசி பொருத்த வந்தவர் நாடாவைப் பாதி இழுத்தபடி நிமிர்ந்தார். இது கேலியா, கருத்தா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பதிமூணுக்குப் பத்து. உயரம் ஒம்பதரை. இப்ப அளந்து பாருங்க."

அளந்தார். பதிமூன்றுக்குப் பத்து. உயரம் ஒன்பதரை. அரை அங்குலம்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை.

"எப்படி சார்?"

"பார்த்தேன், தெரிஞ்சுது. என் வீட்டைப் பத்தி எவன்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கற நிலைமையில நான் இல்லை. எழுதிக்குங்க, ஒரு டன்."

"ரெண்டு டன்," என்றாள் கதவோரம் நின்ற மனைவி.

காலையிலிருந்து இது ஏழாவது தடவை. "நீங்க ஆபீசுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவள் எவ்வளவோ சொல்லியும், தன் முதுகுக்குப் பின்னால் இரண்டு டன் ஏறிவிடும் என்ற பயத்தில்தான் அவர் திடீர் லீவு போட்டிருந்தார்.

"ரெண்டு டன் போட்டா இங்க பெங்குவின் வளர்க்கலாம். உனக்கு எதுக்கு அவ்ளோ?"

"எனக்கு வேர்க்குதுங்க."

"நீ இந்த ரூமுக்கு வர்றதே பெருக்கறதுக்குத்தானே?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால்.

வீட்டுக்காரர் வந்தவரிடம் திரும்பினார். "இந்த ரூம் நான் படிக்கிறதுக்கு. பத்து நாள்ல டிபார்ட்மென்ட் பரீட்சை. பாஸ் பண்ணா ஹெட் கிளார்க். மூணு தடவை எழுதிட்டேன், மூணு தடவையும் இந்த வெயில்தான் என்னைக் கவுத்துச்சு. இது நாலாவது. இதோட சரி, அப்புறம் எழுதவே விட மாட்டாங்க."

"போன தடவை நல்ல மழைங்க," என்றாள் மனைவி.

"மழைக்கு முன்னாடி புழுக்கம் இருந்துச்சுல்ல?"

வந்தவருக்கு வேலை முக்கியம். "மத்தவங்க யாரும் பாஸ் பண்ணலியா சார்?" என்று கேட்டது பேச்சை முடிக்கத்தான்.

பேச்சு முடியவில்லை. "பண்றானுங்க! போன வருஷம் ஆறு பேர். எல்லாம் எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவனுங்க. எங்கயோ ரகசியமா டியூஷன் போறானுங்களாம். மீசை நரைக்கிற வயசுல தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கை தூக்கி சந்தேகம் கேக்கறது! எனக்கு நினைச்சாலே கூசுது."

வந்தவர் குறிப்பேட்டில் ஜன்னல், மேற்கு வெயில், மேலே மொட்டைமாடி என்று வரிசையாக எழுதினார். பிறகு சுவரை உற்றுப் பார்த்தார். "இது என்ன சார், ஒரே உயரத்துல வரிசையா எண்ணெய்க் கறை?"

"பெயின்ட் வேர்க்குது. இந்த ரூம் சூட்டுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"கடைசியா ஒண்ணு. நல்ல வெயில் நேரத்துல, ஒரு மணி ரெண்டு மணிக்குன்னு வெச்சுக்குங்களேன், உள்ள எத்தனை பேர் இருப்பீங்க? ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் பல்பு எரியற மாதிரி சூடு வரும்."

"ஒண்ணு," என்றார் வீட்டுக்காரர். "நான் மட்டும்."

"பதினொண்ணு," என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். வந்தவரும் மரியாதைக்குச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அழைப்பு மணி அடித்தது. போய்க் கதவைத் திறந்தாள்.

முதலில் நுழைந்தவன், வீட்டுக்காரருக்கு ஆபீசில் எதிர் மேஜை. நேற்றுகூட ஒன்றாக டீ குடித்தவன். அவன் பின்னால் டைப்பிஸ்ட் அம்மா, தபால் பிரிவு கிளார்க், மாடி செக்‌ஷன் ஆட்கள், பெரிய அதிகாரியின் டிரைவர் என்று அவனோடு சேர்த்துப் பத்துப் பேர். செருப்பைக் கழற்றினார்கள். அறையோரக் கட்டிலுக்கு அடியிலிருந்து, அவர் இதுவரை பார்த்தே இராத நீளப் பாய்கள் இரண்டை இழுத்து விரித்தார்கள். சுவரில் சாய்ந்து உட்காரப் போனவர்கள், அப்போதுதான் அவரைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"அண்ணே... இன்னிக்கு லீவா?" என்றான் எதிர் மேஜை.

வீட்டுக்காரர் குனிந்து பாய்களைப் பார்த்தார்.

டைப்பிஸ்ட் அம்மா மட்டும் நிலைமை புரியாமல் அவர் மனைவியிடம் நோட்டை நீட்டினாள். "டீச்சர், நேத்து பாதியில விட்ட பென்ஷன் கணக்கு..."

"டீச்சரா? நீயா? போன வருஷம் பாஸான ஆறு பேரும்..."

"இங்கதாங்க. மதியச் சாப்பாட்டு நேரத்துல வந்துட்டுப் போவாங்க. நீங்க அப்ப மேஜையில தலை வெச்சுத் தூங்குவீங்களாம்."

"உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"உங்க புத்தகம்தாங்க. வாங்கினதோட வெச்சுட்டீங்க. தூசி தட்டறப்போ ஒவ்வொரு பக்கமா படிச்சேன். உங்களுக்குச் சொல்லித் தரவான்னுதான் முதல்ல கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

ஏசி பொருத்த வந்தவர் பேனாவைத் தட்டினார். "அப்போ பதினொண்ணுன்னு எழுதிடவா சார்?"

வீட்டுக்காரர் பத்துப் பேரையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எதிர் மேஜைக்காரன் பாயின் ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

"பன்னெண்டு," என்றார் அவர், ஏசிக்காரருக்கு மட்டும் கேட்கும்படி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டே.