கவிழ்க்காத பூவாளி

“மறுபடியும் ஊத்திட்டீங்களா?”

மொட்டைமாடிக் கதவருகே நின்று அமலராணி கத்தினாள். மாடி முழுக்கத் தண்ணீர். செடிப் பைகளின் அடியிலிருந்து செம்மண் கரைந்து, மழைநீர்க் குழாய் வரை ஓடியிருந்தது. நடுவில் அவள் கணவர் பிலோமின்ராஜ் காலிப் பூவாளியோடு நின்றிருந்தார்.

“இல்ல ராணி. நான் இப்பதான் மேல வந்தேன்...”

“கையில பூவாளி, வாயில இல்லை. நல்லா இருக்குங்க.”

நனைந்திருந்த புடவைக் கரையைப் பிழிந்துகொண்டே அவள் தக்காளிப் பக்கம் போனாள். இலைகள் மஞ்சளடித்திருந்தன. கத்தரிச் செடி ஒன்று தண்டின் அடியில் அழுகி, தொட்டதும் கையோடு வந்தது.

மருங்காபுரியிலிருந்து மூட்டை மூட்டையாகச் செம்மண் வரவழைத்துப் போட்ட தோட்டம். மாசியில் தேன்சிட்டு வந்தால் இருவரும் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது மல்லிகை மட்டும்தான் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது.

தவக்காலத்தில் கோயில் பீடத்தில் பூ வைப்பதில்லை. ஈஸ்டர் இரவுப் பூசைக்கு முதல் மல்லிகை அவள் மாடியிலிருந்துதான் போகும். பாலக்கரையில் அவர்கள் பங்குக் கோயிலில் அது எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷம் போகுமா என்ற கவலை இருந்தது. அதைவிடப் பெரிய கவலை அவரைப் பற்றியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் யார் முதலில் மாடிக்கு வந்தாலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூவாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் இன்னும் ஊற்றவில்லை என்று அர்த்தம். இருவரும் ரிட்டயர் ஆனபோது பேசி வைத்துக்கொண்டது. இந்தப் பங்குனி வரை பிசகியதில்லை.

“வீட்டுப்பாடம் மறந்துட்டேன்னு சொன்ன பிள்ளைங்களை பெஞ்ச் மேல ஏத்தினவ நான்” என்றாள், கணக்கு டீச்சராக இருந்த அமலராணி. “உங்களை எங்கங்க ஏத்தறது?”

“தண்ணித் தொட்டி மேல ஏத்திடு” என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் கோழிக்கறி வாங்கி வந்திருந்தார். இறைச்சியே தொடக்கூடாத தவக்கால வெள்ளியில், கோழிக்கறி! பையைத் தூக்கிக் காட்டி, “இன்னிக்கு என்ன கிழமை?” என்று அவள் கேட்டபோது, “நீதானே...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, “மறந்துட்டேன் ராணி” என்றார். கறி எதிர்வீட்டு சந்திரம்மாளுக்குப் போனது.

அங்கேயே நின்று, பெங்களூரில் இருக்கும் மகள் பெலிண்டாவுக்கு போன் போட்டாள்.

“அப்பாவுக்கு ஞாபகம் தப்புதுடி. செடியை எல்லாம் முழுகடிக்கிறாரு. கேட்டா நான் ஊத்தலைங்கிறாரு.”

“டாக்டரைப் பாருங்கம்மா. இன்னிக்கே போங்க. போனை அப்பாகிட்ட குடு.”

அவர் போனை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தாள்.

டாக்டரிடம் வர அடம்பிடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சட்டையை மாற்றிக்கொண்டு, அவளுடைய செருப்பையும் எடுத்து வாசலில் வைத்தார்.

“தில்லைநகர். மெயின்கார்டு கேட் பக்கம் போகாதப்பா, புத்தூர் நாலு ரோடு வழியா போயிடு” என்று ஆட்டோக்காரரிடம் அவரே சொன்னார்.

“இதெல்லாம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள். உடனே மனசு கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க. நீங்க மறக்கிறதை எல்லாம் நான் ஞாபகம் வச்சுக்கிறேன். போதுமா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வழியெல்லாம் வெளியே பார்த்தபடியே வந்தார்.

டாக்டர் இளம்வயதுப் பெண். அமலராணி நாற்காலியில் உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டாள். பூவாளியைச் சொன்னாள், அழுகிய கத்தரியைச் சொன்னாள், வெள்ளிக்கிழமைக் கோழியைச் சொன்னாள்.

“தண்ணி ஊத்தினதும் ஞாபகம் இல்லை, கவிழ்க்கணும்கிறதும் ஞாபகம் இல்லை டாக்டர். இன்னிக்கு செடி. நாளைக்கு அடுப்பைப் பத்தவச்சுட்டு மறந்துட்டார்னா? பொண்ணும் பக்கத்துல இல்லை. என்னை யாருன்னு கேட்டுட்டார்னா நான் என்ன பண்ணுவேன்?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிலோமின்ராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

“அம்மா, போன வாரமும் நீங்க இதையேதான் சொன்னீங்க.”