நீலப் பொட்டு

எலி மருந்தே கூடாது என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். செத்த எலியைத் தின்றால் பக்கத்து வீட்டுப் பூனையும் போய்விடுமாம். அதனால் தோட்டத்தில் கூண்டு வைத்தோம். காலையில் ஒரு எலி விழுந்திருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

"விட்டதே திரும்பி வருதோ என்னமோ," என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் எலியின் வாலில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அதே எலி கூண்டில் இருந்தது. சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் நீலத்தில் இன்னொன்று.

"அங்கயும் யாரோ நம்மள மாதிரி. புடிச்சு இந்தப் பக்கம் விடறாங்க."

"அங்க வெறும் பொட்டல். வீடே கிடையாது."

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

மறுநாள் காலையில் அவளும் கூட வந்தாள். ஒரு குடிசைகூட இல்லை. எலியை விட்டதும் திரும்பினோம். அரைமணி நேர நடைதான். ஆனால் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

வாசலில் கால் கழுவினோம். என் குதிகாலில் ஒரு நீலப் பொட்டு. அவள் குதிகாலிலும். தேய்த்தும் போகவில்லை.



"நல்லவேளை," என்றாள், "அவங்களும் மருந்து வைக்கிற ஆளுங்க இல்ல."